வாய் அரிக்கிறதா? விடுவதா, வேகவைப்பதா, மாத்திரையா, டெஸ்டா?

கத்தரிக்காய் சாப்பிட்டால் நாக்கு நமநம என்கிறது, இனிமேல் தொடவே கூடாதா? டொராண்டோவுக்கு வந்து சில வருடம் ஆகிறது, இப்போது ஆப்பிள் கடித்தாலே உதடு அரிக்கிறது, ஊரில் இப்படி இருந்ததில்லையே? மகளுக்கு இறால் வாயில் வைத்தாலே என்னவோ செய்கிறதாம், அரிப்புக்கு ஒரு செட்ரிசின் மாத்திரை கொடுத்துவிட்டுச் சாப்பிடச் சொல்லலாமா?

இப்படிக் கேட்கிறவர்களுக்கு முன்னால் இருப்பவை நான்கு வழிகள். அந்த உணவை அடியோடு விடலாம். வேகவைத்தோ தோல் சீவியோ சாப்பிடலாம். மாத்திரை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம். டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாம். நான் டாக்டர் இல்லை, வீட்டில் இந்தத் தொல்லை இருப்பதால் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டவன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அரிப்பு எந்த வகை என்று பார்க்காமல் வழியைத் தேடக் கூடாது. அதைப் பார்க்காததால்தான் பெரும்பாலும் ஆபத்தில்லாத கத்தரிக்காயை வருடக்கணக்கில் ஒதுக்கிவைக்கிறார்கள், உண்மையிலேயே பயப்பட வேண்டிய இறாலை மாத்திரையோடு சேர்த்து விழுங்குகிறார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

ஒவ்வொரு வழியையும் நான் பார்ப்பது இந்தக் கேள்விகளை வைத்துத்தான்:

- இந்த வழி எந்தக் காரணத்தால் வரும் அரிப்புக்குப் பொருந்தும்?
- கணிப்பு தப்பினால் என்ன ஆகும்? வாய் கொஞ்சம் எரியுமா, மூச்சு அடைக்குமா?
- எதை இழக்கிறோம்? ருசி, சத்து, நாலு பேரோடு சேர்ந்து சாப்பிடுவது, எல்லாமும்தான்.
- கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன? பணம் மட்டுமில்லை, சமையலறையில் நிற்கிறவரின் நேரமும் செலவுதான்.
- நாளைக்குத் தெளிவு கிடைக்குமா, இல்லை உள்ள அறிகுறியையும் மூடி மறைத்துவிடுமா?

## முதலில், இது எந்த அரிப்பு?

வாயில் வரும் எல்லா அரிப்பும் ஒவ்வாமை கிடையாது. சரியாக வேகாத பிடிகருணை மசியலைப் பரிமாறினால் பந்தியில் உட்கார்ந்த அத்தனை பேருக்கும்தான் தொண்டை காறும். கருணை, சேனை, சேம்பு இவற்றில் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியான படிகங்களாக இருக்கிறது, அது நாக்கிலும் தொண்டையிலும் குத்துகிறது, நறுக்குகிற கையிலும் குத்துகிறது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நறுக்குவதும், புளி விட்டு நன்றாக வேகவைப்பதும் நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வது. இதற்கு டெஸ்ட் எடுத்தால் பணம்தான் தண்டம்.

அன்னாசியும் இப்படித்தான். அதில் புரதத்தை அரிக்கும் நொதி ஒன்று இருக்கிறது, புரோமலைன் என்று பெயர், நிறையச் சாப்பிட்டால் யாருக்கும் நாக்கு எரியும், வேகவைத்தால் அடங்கிவிடும்.

மாங்காய் கதை வேறு. காம்பைக் கிள்ளினால் வடியும் பால் பட்டு உதட்டைச் சுற்றி வெந்தது போலத் தடித்து, கொப்புளம்கூட வரும். ஆனால் சாப்பிட்ட உடனே வராது, பல மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் வரும். முந்திரிக்கொட்டைத் தோலின் எண்ணெய் செய்வதும் ஏறக்குறைய இதையே. இது தோல் சம்பந்தப்பட்ட தாமதமான ஒவ்வாமை. இவர்களில் பலருக்கு வேறு யாராவது பழத்தைக் கழுவி, தோலைத் தடிமனாகச் சீவி, சதையை மட்டும் கொடுத்தால் ஒன்றும் செய்வதில்லை. கொட்டையைச் சப்புகிற ஆசையைத்தான் விட வேண்டியிருக்கும்.

அப்புறம் கெட்டுப்போன மீன். சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்டுக் கொஞ்ச நேரத்தில் வாய் சுறுசுறு என்று எரியும், முகம் சிவக்கும், தலை வலிக்கும், பார்ப்பதற்கு அச்சு அசல் ஒவ்வாமை மாதிரியே இருக்கும். கொதிக்கக் கொதிக்கக் குழம்பு வைத்தாலும் ஹிஸ்டமின் அழியாது. ஒரே மீனைச் சாப்பிட்ட பல பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால் இதைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

மகரந்தத்தால் வருவது இன்னொரு வகை, டொராண்டோக் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. பிர்ச் மரம் அங்கே ஏப்ரல், மே மாதங்களில் மகரந்தத்தைக் கொட்டும். நம் ஊரில் அந்த மரம் கிடையாது, அதனால் இங்கிருந்து போகிறவருக்கு முதல் வருடம் ஒன்றும் ஆகாது. சில வசந்தங்கள் கழித்துத்தான் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கும். ஆப்பிள், பீச், செர்ரி, கேரட், ஹேசல்நட் எல்லாவற்றிலும் பிர்ச் மகரந்தப் புரதத்தின் சாயலில் ஒரு புரதம் இருக்கிறது, உடம்பின் எதிர்ப்பு சக்தி ஆள் மாறாட்டத்தில் ஆப்பிளைப் பிடித்து உதைக்கிறது. முதல் துண்டு உள்ளே போய்ச் சில நிமிடங்களில் மேலண்ணத்தில் நமைச்சல் ஆரம்பிக்கும், உதடு லேசாகத் தடிக்கும், காதுக்குள்கூட அரிக்கும், பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் அடங்கிவிடும். அதே ஆப்பிளை வேகவைத்துக் கொடுத்தால் ஒன்றும் இராது. ஒரு வேடிக்கை, பலாச்சுளையிலும் அந்தச் சாயல் புரதம் உண்டு, பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்களுக்குப் பலா ஒத்துக்கொள்ளாமல் போனது ஐரோப்பாவில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. பண்ருட்டியிலோ யாழ்ப்பாணத்திலோ சின்ன வயதெல்லாம் பலாப்பழமாகத் தின்று வளர்ந்த ஒருவருக்கு லண்டனிலோ சூரிச்சிலோ பலாச்சுளை வாயை அரித்தால் அது மனப்பிரமை இல்லை.

பிர்ச் இல்லாத நம் ஊர்களிலும் மகரந்த வகை வரலாம். ராக்வீட் என்ற களையின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முலாம்பழம், தர்பூசணி, வாழைப்பழம், வெள்ளரி இவற்றில் வாய் அரிப்பது தெரிந்த விஷயம். நம் காலி மனைகளில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியம் அந்த ராக்வீடுக்கு நெருங்கிய சொந்தம்.

கடைசி வகை அசலான உணவு ஒவ்வாமை. இறால், நண்டு, நிலக்கடலை, முந்திரி, பால், முட்டை, மீன். இதில் வாய் அரிப்பு வெறும் வாசல்படி. பின்னாலேயே தடிப்பு, வாந்தி, இளைப்பு, மயக்கம் என்று உள்ளே வரலாம்.

கத்தரிக்காயை எங்கே வைப்பது? மைசூரில் 741 பேரிடம் நடத்தி 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், கத்தரிக்காய் ஒத்துக்கொள்வதில்லை என்று சொன்னவர்கள் நூற்றில் சுமார் 9 பேர். பரிசோதித்துப் பார்த்ததில் ஒவ்வாமையை உண்டாக்கும் ஐஜிஇ எதிர்ப்பொருள்தான் காரணம் என்று உறுதியானது நூற்றில் ஒருவருக்கும் குறைவு, 0.8 சதவீதம். மற்றவர்களுக்கு அரிக்கவில்லை என்று அர்த்தமில்லை, அரித்தது உண்மை, கத்தரிக்காயில் இயல்பாகவே இருக்கும் ஹிஸ்டமின் முதலான பொருள்களே அதற்குப் போதும்.

## வழி 1: அடியோடு விட்டுவிடுவது

அசலான ஒவ்வாமைக்கு இதுதான் வழி, பேரம் பேச இடமில்லை. இறாலில் பிரச்சினை பண்ணும் டிரோப்போமயோசின் என்ற புரதம் எவ்வளவு வேகவைத்தாலும் அழிவதில்லை, ரொம்ப உணர்திறன் உள்ளவர்களுக்கு இறால் வேகும் ஆவியே போதும். அந்தப் பெண் குழந்தைக்கு இறாலை இன்றே நிறுத்துங்கள், டாக்டரைப் பார்த்த பிறகு மற்றதைப் பேசலாம்.

மறைந்திருக்கும் செலவு வீட்டுக்கு வெளியேதான் தெரியும். பாக்கெட் உணவு என்றால் கொஞ்சம் சுலபம், இந்தியாவில் கோதுமை மாதிரி பசையம் (குளூட்டன்) உள்ள தானியங்கள், இறால், நண்டு வகைகள், பால், முட்டை, மீன், நிலக்கடலை மற்றும் கொட்டைகள், சோயா, சல்பைட் இவை இருந்தால் அட்டையில் போட வேண்டும் என்று விதி இருக்கிறது. எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை, எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் சேர்மானப் பட்டியலை வரி விடாமல் படிக்க வேண்டும். ஹோட்டலிலும் கல்யாணப் பந்தியிலும் அட்டை ஏது? குருமாவில் அரைத்துவிட்ட முந்திரி, சட்னியில் கடலை, தொக்கில் கருவாட்டுப் பொடி, இறால் பொரித்த அதே எண்ணெயில் போட்டெடுத்த சிக்கன். கேட்டால் "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சாப்பிடுங்க" என்கிற உபசாரம் வேறு. அலுக்காமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒரு வேலை.

தேவையில்லாமல் விடுவதற்கும் விலை உண்டு. கத்தரிக்காய் அரித்தது, தக்காளியும் அதே குடும்பம் என்றார்கள், உருளைக்கிழங்கும் அப்படித்தானாம், மிளகாயும்தானாம் என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, கடைசியில் தயிர்சாதத்தில் வந்து நிற்பவர்களைப் பார்க்கலாம். குடும்பப் பெயரை வைத்து எதையும் விடாதீர்கள், சாப்பிட்டு ஒத்துக்கொள்கிற உணவை விட ஒரு காரணமும் இல்லை. வளரும் பிள்ளைக்குப் பால், முட்டையை உத்தேசமாக நிறுத்துவது இன்னும் மோசம்.

## வழி 2: வேகவைத்து, தோல் சீவி

கருணை, சேனைக்கும் அன்னாசிக்கும் மகரந்த வகைக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆப்பிள், கேரட் புரதம் சூட்டில் குலைந்துவிடும், வயிற்று அமிலத்திலும் குலைந்துவிடும், அதனால்தான் தொல்லை வாயோடு நிற்கிறது. கேரட்டைப் பச்சையாகக் கடிக்க முடியாதவர் பொரியலாக வயிறாரச் சாப்பிடலாம். ஆப்பிளைத் துண்டுபோட்டு மைக்ரோவேவில் கொஞ்சம் சூடாக்கினாலே சிலருக்குப் போதும். ஆப்பிள் ரகத்துக்கு ரகம் வேறுபாடும் உண்டு, சதையைவிடத் தோலில் தொல்லை அதிகம்.

ஆனால் நிறைய விதிவிலக்குகள் இருக்கின்றன, அவை தெரியாமல் இந்த வழியில் இறங்கக் கூடாது. பீச் பழத் தோலில் சூட்டுக்கும் அமிலத்துக்கும் அசையாத இன்னொரு புரதம் இருக்கிறது, அது ஒத்துக்கொள்ளாதவருக்கு வேகவைத்த பழமும் உடம்பு முழுக்கத் தடிப்பைக் கொண்டுவரும். பிர்ச் ஒவ்வாமை உள்ளவர்கள் சோயாப் பாலை மடமடவென்று குடித்துக் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருக்கிறார்கள். நிலக்கடலையை வறுத்தால் ஒவ்வாமைத் தன்மை குறைவதில்லை, கூடத்தான் செய்யும். கொட்டை வகைகளில் வாய் அரித்தால் வறுத்துப் பார்க்கலாம், அவித்துப் பார்க்கலாம் என்று வீட்டிலேயே பரிசோதனை வேண்டாம்.

இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. நெஞ்செரிச்சலுக்கு என்று தினமும் காலையில் பேன்டப்ரசோல் போடுகிறவர்கள் ஏராளம். வயிற்று அமிலம் குறைந்தால் அந்தப் புரதம் குலையாமல் குடலுக்குள் போக வாய்ப்பு அதிகம். வாயோடு நின்றது உடம்புக்குள் இறங்குவதற்கு இது ஒரு காரணம். வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் பழ ஜூஸ், சாப்பிட்ட கையோடு ஓட்டம், மது, இப்யூபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை, இவையும் அப்படித்தான். பழத்தை மென்று சாப்பிடும்போது வாய் அரித்து எச்சரிக்கும், ஜூஸாகக் குடித்தால் எச்சரிக்கை வருவதற்குள் டம்ளர் காலி.

## வழி 3: மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடுவது

நான்கிலும் மலிவானது இதுதான், எனக்கு மிகக் குறைவாகப் பிடித்ததும் இதுதான். செட்ரிசின், லெவோசெட்ரிசின், ஃபெக்ஸோஃபெனடின் எல்லாம் அரிப்பைக் குறைக்கும், தும்மலைக் குறைக்கும், அவ்வளவுதான். கடுமையான எதிர்வினையைத் தடுக்கும் சக்தி அவற்றுக்கு இல்லை. வாய் அரிப்பு என்கிற முதல் மணியை மட்டும் அடிக்காமல் பிடித்துவைக்கும், அதனால் ஒரு வாய் எடுத்து நிறுத்தியிருக்க வேண்டியவர் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டுவிடுவார். அவில் என்கிற ஒவ்வாமை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டினால் தூக்கம் சொக்கும். ஃபெக்ஸோஃபெனடினைப் பழ ஜூஸோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது, தண்ணீரோடுதான் போட வேண்டும்.

எப்போது சரி? மகரந்த வகைதான் என்று டாக்டர் உறுதி செய்து, மகரந்தக் காலத்தில் மூக்குக்காக எப்படியும் மாத்திரை எடுக்கிறவராக இருந்தால், கூடவே வாய் அரிப்பும் குறைந்தால் நல்லதுதான். தெரியாமல் ஒரு துண்டு சாப்பிட்டு வாய் மட்டும் அரிக்கும்போது ஒன்று போட்டுக்கொள்ளலாம். சாப்பிடுவதற்காகவே மாத்திரை போடுவது வேண்டாம்.

## வழி 4: டெஸ்ட்

சரியான ஆளுக்குச் சரியான டெஸ்ட் என்றால் இதற்கு நிகரில்லை. மற்றவர்களுக்குக் குழப்பத்தை விலை கொடுத்து வாங்குவதுதான். கர்நாடகத்தில் பெரியவர்களிடம் நடந்து 2016-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று சொன்னது: ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தவர்கள் 26.5 சதவீதம், உண்மையில் உணவு ஒவ்வாமை இருந்திருக்கக்கூடியவர்கள் 1.2 சதவீதம். அதாவது அறிகுறியே இல்லாமல் நூறு உணவுக்கு மொத்தமாக டெஸ்ட் எடுத்தால், எதிலாவது பாசிட்டிவ் வந்தாலும் அது அசல் ஒவ்வாமையாக இல்லாமல் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வீடு திரும்பும்போது கையில் ஒரு நீளப் பட்டியல், அடுத்த வாரத்திலிருந்து சாப்பாட்டில் கோதுமை இல்லை, பருப்பு இல்லை, எள் இல்லை. ஐஜிஜி என்ற வேறோர் எதிர்ப்பொருளைப் பார்க்கும் டெஸ்ட் இன்னும் மோசம், அது அந்த உணவை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். ஐரோப்பிய, அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் எல்லாமே அதை எடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கின்றன.

உருப்படியாகச் செய்ய வேண்டுமென்றால் சந்தேகம் உள்ள ஒன்றிரண்டு உணவுக்கு மட்டும் தோலில் குத்திப் பார்க்கும் டெஸ்ட் எடுக்கலாம். மகரந்த வகை என்றால் டெஸ்டுக்கென்று பாட்டிலில் வரும் பழச் சாறு பல சமயம் வேலை செய்யாது, புரதம் அதற்குள் சிதைந்திருக்கும், அதனால் நிஜப் பழத்தில் ஊசியைக் குத்தி அதையே தோலில் குத்துவார்கள். நீங்களே பழத்தைக் கொண்டுபோக வேண்டியிருக்கும், முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில நாட்களுக்கு முன்பே ஒவ்வாமை மாத்திரைகளை நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தாமல் போனால் முடிவு தப்பாக வரும், போன காசு திரும்பாது. ஆஸ்பத்திரியில் டாக்டர் கண்முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. அரை நாள் போகும், வீட்டில் அதைச் செய்யக் கூடாது.

இறால், மீன், கொட்டை, கடலை இவற்றில் வாய் அரிப்பவர்கள், வாயைத் தாண்டி ஒரு தடவையாவது தடிப்போ இளைப்போ வந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், சின்னப் பிள்ளைகள், இவர்கள் நேராக இந்த வழிக்கே வரலாம்.

## ஒரே பார்வையில்

| அரிப்பு | எப்போது வரும் | என் தேர்வு | வேண்டாம் |
|---|---|---|---|
| கருணை, சேனை, சேம்பு | உடனே, சாப்பிட்ட எல்லாருக்கும் | புளி விட்டு நன்றாக வேகவைப்பது | டெஸ்ட் |
| அன்னாசி | சாப்பிடச் சாப்பிட | அளவாக, அல்லது வேகவைத்து | மாத்திரை |
| மாங்காய்ப் பால் | பல மணி நேரம் கழித்து, மறுநாள் | வேறொருவர் தோல் சீவித் தருவது | கொட்டையைச் சப்புவது |
| ஆப்பிள், கேரட், பலா (மகரந்தம்) | சில நிமிடத்தில், வாயோடு | வேகவைத்து. வாயைத் தாண்டினால் டாக்டர் | வெறும் வயிற்றில் ஜூஸ் |
| கத்தரிக்காய் | உடனே, பெரும்பாலும் லேசாக | தொல்லை தராத அளவில். தடிப்பு வந்தால் டெஸ்ட் | குடும்பத்தோடு ஒதுக்குவது |
| கெட்ட மீன் | கொஞ்ச நேரத்தில், பலருக்கும் | அந்த மீனைக் கொட்டிவிட்டு டாக்டர் | மீனையே விடுவது |
| இறால், கடலை, முந்திரி | நிமிடங்களில், வாயோடு நிற்காது | விடுவதும் டெஸ்டும் | மாத்திரை, வேகவைத்துப் பார்ப்பது |

## வாயைத் தாண்டினால்

குரல் கரகரத்தால், விழுங்க முடியாமல் போனால், மூச்சு இளைத்தால், உடம்பெல்லாம் தடித்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், தலை சுற்றிக் கண் இருட்டினால், அதற்கு மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்பக்கத் தசையில். செட்ரிசின் கொடுத்து அரை மணி பார்ப்போம் என்று உட்காரக் கூடாது. தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990, கனடாவில் 911. வெளிநாட்டில் தாங்களே குத்திக்கொள்ளும் அட்ரினலின் பேனாவை டாக்டர் எழுதிக் கொடுப்பார். இந்தியாவில் அது மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கிற பொருள் இல்லை, அதனால் முன்பு கடுமையாக வந்தவர்கள் டாக்டரிடம் பேசி, ஆம்பூலும் ஊசியும் கையில் வைத்துக்கொண்டு, போடவும் கற்றுக்கொள்ள வேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள், மூச்சு முட்டினால் மட்டும் உட்காரவையுங்கள், எழுந்து நடக்கவிட வேண்டாம். சரியாகிவிட்டது என்று உடனே கிளம்பவும் கூடாது, சில மணி நேரம் கழித்து இரண்டாவது தடவை வருவதுண்டு, ஆஸ்பத்திரியில் இருக்கச் சொன்ன நேரம் வரை இருந்துவிட்டு வாருங்கள்.